தூக்குவது மோட்டார் இல்லை!

கடைத்தெருவில் காலையில் கடை திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அண்ணாச்சி குனிந்து பூட்டைக் கழற்றுவார். ஷட்டரைப் பிடித்து ஒரு தம் கட்டித் தள்ளுவார். தடதடவென்று அத்தனை இரும்பும் சுருண்டு மேலே போய்விடும். அதே ஷட்டரைக் கழற்றித் தரையில் போட்டால் அவர் ஒருவரால் தூக்க முடியாது. அப்படியென்றால் காலையில் எப்படித் தூக்கினார்? மேலே அந்த உருளைக்குள் ஒளிந்திருக்கும் ஸ்பிரிங் கைகொடுத்தது, அவ்வளவுதான்.

இந்த ரகசியம் தெரிந்தால், அமெரிக்காவில் ரிமோட்டை அழுத்தியதும் ஏறி இறங்கும் கராஜ் கதவு பாதி புரிந்த மாதிரி.

அங்கே பெரும்பாலான தனி வீடுகளில் காரை நிறுத்த வீட்டோடு ஒட்டி ஓர் அறை உண்டு. அதுதான் கராஜ். அதன் கதவு, நான்கைந்து அகலமான பலகைகளைக் கீல் போட்டு இணைத்தது. இரண்டு ஓரங்களிலும் சின்னச் சக்கரங்கள். அவை ஓட வளைந்த தண்டவாளம். கதவு நேராக ஏறி, வளைவில் மடங்கி, கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். இப்படி மேலே ஏறும் கதவை 1921-ல் சி. ஜி. ஜான்சன் என்பவர் உருவாக்கினார். பனியிலும் மழையிலும் காரைவிட்டு இறங்கிக் கதவைத் தூக்க யாருக்குப் பிடிக்கும்? 1926-ல் அவரே அதற்கு மின் மோட்டாரும் பொருத்தினார்.

சாதாரணமாக ஒரு கராஜ் கதவு 60, 70 கிலோ இருக்கும். இரண்டு கார் அகலக் கதவு அதைவிடக் கனம். இதைத் தூக்க எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும்? அரைக் குதிரைத்திறன் மோட்டாரே போதும் என்கிறார்கள் கடைக்காரர்கள். எப்படி?

கதவுக்கு மேலே சுவரை ஒட்டி ஓர் இரும்புத் தண்டு. தண்டின் மேல் கெட்டியான ஸ்பிரிங். தண்டின் இரு முனைகளிலும் உருளைகள். அவற்றில் சுற்றிய கம்பி வடங்கள் கதவின் அடிப்பகுதியில் கட்டப்பட்டிருக்கும். கதவு இறங்கும்போது வடம் தண்டைச் சுழற்றும், ஸ்பிரிங் முறுக்கேறும். கதவு தன் எடையாலேயே ஸ்பிரிங்குக்குள் ஆற்றலைச் சேமித்துவிட்டுத்தான் தரையில் உட்காருகிறது. மறுபடி திறக்கும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து கதவைத் தூக்குகிறது. மோட்டாரின் வேலை உராய்வை வென்று, கதவைக் கொஞ்சம் நகர்த்திவிடுவதுதான்.

அதனால் மோட்டார் வாங்கப் போகும் முன் செய்யவேண்டிய முதல் சோதனை ஒன்று உண்டு. பெரியவர் ஒருவர் கதவைக் கையால் பாதி உயரம் தூக்கி, மெதுவாகப் பிடியைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். கதவு அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. கீழே சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. தளர்ந்த ஸ்பிரிங்கோடு எத்தனை பெரிய மோட்டாரை மாட்டினாலும் அது சீக்கிரம் படுத்துவிடும். ஸ்பிரிங்குக்கும் ஆயுள் உண்டு. சாதாரண ரகம் சுமார் 10,000 முறை ஏறி இறங்கத் தாங்கும். ஒரு நாளைக்கு நான்கு முறை என்றால் எத்தனை ஆண்டு வரும்? கணக்குப் போடுங்கள்: 2,500 நாள், ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஒன்று: முறுக்கேறிய ஸ்பிரிங்கை வீட்டில் யாரும் தொடக்கூடாது. தெறித்தால் எலும்பு முறியும். அது பழகிய தொழிலாளியின் வேலை.

இனி மோட்டாரைத் தேர்ந்தெடுக்கலாம். கூரையில் தொங்கும் மோட்டாரிலிருந்து கதவுக்கு மேலே உள்ள சுவர்வரை ஒரு நீளத் தண்டவாளம் போகும். அதன்மேல் ஒரு சிறு வண்டி முன்னும் பின்னும் ஓடும். வண்டியையும் கதவையும் ஒரு வளைந்த கை இணைக்கும். வண்டியை இழுப்பது எது என்பதில்தான் வகைகள். சைக்கிளில் உள்ளது போன்ற சங்கிலி என்றால் விலை குறைவு, நீண்ட நாள் உழைக்கும், ஆனால் சத்தம் அதிகம். ரப்பர் பெல்ட் என்றால் சத்தம் குறைவு; கராஜுக்கு மேலே படுக்கையறை உள்ள வீட்டுக்கு அதுதான் நல்லது. கூரையில் இடமே இல்லையென்றால், ஸ்பிரிங் தண்டையே நேராகச் சுழற்றும் சுவர் மோட்டாரும் இருக்கிறது.

பொருத்துவதில் கவனிக்கவேண்டியது இது: அங்குள்ள வீடுகளின் சுவரிலும் கூரையிலும் உள்ளே இருக்கும் மரச்சட்டத்தைத் தேடிப் பிடித்துத்தான் திருகாணி முடுக்க வேண்டும். வெறும் பூச்சுப் பலகையில் முடுக்கினால் அதிர்விலேயே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சுவர்ப் பொத்தானைச் சிறுபிள்ளைகளுக்கு எட்டாதபடி ஒன்றரை மீட்டர் உயரத்தில், கதவு கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும்.

திறக்கக் கற்றுக்கொடுத்தாயிற்று. நிற்கக் கற்றுக்கொடுப்பதில்தான் அறிவியலின் சுவாரசியம் இருக்கிறது. பழைய மோட்டார்களுக்கு நிற்கத் தெரியாது. இறங்கும் கதவின் அடியில் சிக்கிப் பல குழந்தைகள் உயிரிழந்தனர். அதனால் 1993 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விற்பதற்காகத் தயாராகும் எல்லா வீட்டு கராஜ் மோட்டார்களுக்கும் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு சட்டப்படி கட்டாயமானது.

இன்றைய மோட்டார்களில் இரண்டு காவல். ஒன்று, எதிலாவது இடித்தால் இரண்டு நொடிக்குள் கதவு திரும்பி மேலே ஏற வேண்டும். இதைச் சோதிக்க, ஏறத்தாழ 4 செ.மீ. கனமுள்ள கட்டையைத் தரையில் படுக்க வைத்துக் கதவை மூடிப் பார்ப்பார்கள். மாதம் ஒருமுறை பெரியவர்கள் இதைச் செய்வது நல்லது.

இரண்டாவது, கண். கதவின் ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளியை அனுப்பும் சென்சார். மறுபக்கம் அதை வாங்கிக்கொள்ளும் சென்சார். தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் இவற்றைப் பொருத்த வேண்டும். தவழும் குழந்தையையும் கவனிக்க வேண்டுமே! நடுவில் யாராவது வந்து ஒளி மறைந்தால் இறங்கும் கதவு நின்று மேலே போய்விடும்.

இதில் ஒரு நுட்பம் பாருங்கள். சென்சாரின் வயர் அறுந்துவிட்டால் என்ன ஆகும்? எலி கடித்தால், தூசி படிந்தால்? அப்போதும் மோட்டார் கதவைத் தானாக மூடாது. ‘வழியில் ஆள் இருக்கிறார்’ என்று யாராவது சொன்னால்தான் நிற்பேன் என்று இருந்தால், சொல்லவேண்டிய வயர் அறுந்த அன்றைக்கு ஆபத்து. அதனால் தலைகீழாக அமைத்தார்கள்: ‘வழி காலி’ என்ற ஒளி வந்துகொண்டே இருந்தால் மட்டும் இறங்கு, வராவிட்டால், காரணம் எதுவானாலும், நில். இயந்திரம் பழுதானாலும் பாதுகாப்பின் பக்கமே சாயும்படி செய்வது பொறியாளர்களின் முக்கியமான பாடம்.

ரிமோட்டும் இப்படித்தான் பாடம் படித்து வளர்ந்தது. முன்பெல்லாம் பல ரிமோட்டுகளில் எட்டு சின்ன ஸ்விட்ச் இருக்கும். மொத்தம் 256 வகைக் குறியீடுகள்தான். பக்கத்து வீட்டு ரிமோட்டுக்கு உங்கள் கதவு திறந்தாலும் ஆச்சரியமில்லை. திருடன் ஒருமுறை அந்தக் குறியீட்டைப் பதிவு செய்தாலே போதும். 1990-களில் வந்த புதிய முறையில், ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குறியீடு மாறும். அடுத்து எது வரும் என்பது ரிமோட்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும் தெரியும். பழையதைப் பதிவு செய்து அனுப்பினால் மோட்டார் கண்டுகொள்ளாது.

மின்சாரம் போனால்? வண்டியில் தொங்கும் சிவப்புக் கயிற்றைப் பெரியவர்கள் இழுத்தால் கதவு மோட்டாரிலிருந்து விடுபடும். கையாலேயே தூக்கலாம். ஸ்பிரிங்தான் இருக்கிறதே! ஆனாலும் 2017-ல் கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவி மின்சாரம் போனபோது கராஜைத் திறக்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு. அதன் பிறகு, 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் விற்கும் மோட்டார்களில் பேட்டரியும் இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது.

செய்து பாருங்கள்: கராஜ் கதவின் சென்சாரைப் போலவே, பெரும்பாலான டிவி ரிமோட்டுகளும் அகச்சிவப்பு ஒளியில்தான் பேசுகின்றன. இருட்டான அறையில் ரிமோட்டின் முனையை மொபைல் கேமராவுக்கு நேராகக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் ஊதா கலந்த வெள்ளையாக மின்னும். பின்பக்கக் கேமராவில் தெரியவில்லையா? செல்ஃபி கேமராவில் முயலுங்கள். சில கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பலமாக இருக்கும். எந்த போனில் தெரிந்தது, எதில் தெரியவில்லை என்று நோட்டில் எழுதி, நண்பர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.