"தம்பி, இதுல 'க' எங்க இருக்கு?"

போன கோடை விடுமுறையில் ஆலங்குளத்தில் எங்கள் வீட்டுப் பட்டாசலில் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு மூன்று பேருக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இன்னொருத்தி பக்கத்து வீட்டுப் பெண். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் ஹையர் முடித்தவள். மூன்றாவது அவள் தம்பி, பிளஸ் டூ எழுதியிருந்தான். முந்தின நாள் ராத்திரி நானே தயாரித்த குறிப்புத்தாளில் ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன். அதன் முதல் வரி: "தமிழ்99 முறைக்கு மாற்றிவிட்டு, 'க' விசையை அழுத்தவும்."

சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "தம்பி, இதுல 'க' எங்க இருக்கு? பூரா இங்கிலீஷ் எழுத்தால்லா இருக்கு?"

அந்தப் பெண் விசைப்பலகையைப் பார்க்கவே இல்லை. அவளுடைய இடக்கை ஆட்காட்டி விரல் தானாக எஃப் விசையில் போய் உட்கார்ந்து தட்டியது. திரையில் வந்தது புள்ளிகளால் ஆன ஒரு சின்ன வட்டம், அதன் தலையில் ஒரு புள்ளி. "என்னண்ணே இது?" என்றாள். அவள் தம்பி செல்போனில் ஆங்கில எழுத்தை வைத்தே தமிழ் அடித்துப் பழகியவன். அவன் கே விசையை அழுத்தினான். 'ம' வந்தது.

தப்பு அவர்கள் மேல் இல்லை, தாளில் இருந்தது. 'க' என்பது திரையில் தெரியும் எழுத்து. தமிழ்99 முறையில் அதற்காக அழுத்த வேண்டியது எச் என்று அச்சிட்ட விசை. வருவதையும் அழுத்துவதையும் ஒரே சொல்லால் எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அவர் அழுத்துகிற எழுத்துதான் திரையில் வரும். தமிழில் அந்த இரண்டும் வேறு வேறு. அதனாலேயே தமிழில் எழுதப்படும் உதவிப் பக்கங்களில் விசையை விசையாகவே காட்டுவது அழகுக்காகச் செய்யும் வேலை அல்ல, அவசியம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண்ணின் விரல் எஃப்-க்குப் போனதற்கு நூறாண்டுக் கதை ஒன்று பின்னால் இருக்கிறது. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசையமைப்பை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வேலைக்குப் போன ஆர். முத்தையா. அவர் வகுத்த ஏற்பாட்டின் வழியில் வந்ததுதான் இன்றைக்கும் இன்ஸ்டிடியூட்டுகளில் முதல் நாள் அடிக்கச் சொல்லும் 'யளனகபக' பாடம். இடக்கையின் சுண்டுவிரலில் 'ய', ஆட்காட்டி விரலில் 'க'. நம் ஊர்ப் பயிலகங்களின் சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விசைகள் வட்டவட்டமாக வரையப்பட்டு, எந்த வட்டம் எந்த விரலுக்கு என்று பிரித்திருக்கும். பழைய பொறியின் விசைகள் உண்மையிலேயே வட்டமாக, விளிம்பில் உலோக வளையம் போட்டவை. படம் அதை அப்படியே காட்டியது. பாடப் பொருளை விசையின் உருவிலேயே காட்டிய அந்தச் சுவர்ப் படம்தான் இன்றைய விக்கிப் பக்கத்தில் நாம் வரையும் விசைப் பெட்டிக்கு மூத்த அக்காள்.

தமிழ்99 வேறு வழியில் வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தர விசையமைப்பு அது. உயிருக்குப் பன்னிரண்டு, மெய்க்குப் பதினெட்டு, புள்ளிக்கு ஒன்று, ஆக 31 விசைகள் போதும். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில் என்பதால் இரண்டு கையும் மாறிமாறி வேலை செய்யும். அதைவிட அழகான ஏற்பாடு ஒன்று உண்டு. 'ங'-வை அடுத்து 'க', 'ஞ'-வை அடுத்து 'ச', 'ந'-வை அடுத்து 'த' என்று இன எழுத்து வந்தால் புள்ளியை மென்பொருளே வைத்துக்கொள்ளும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தாலும் அப்படியே. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நாலே விசை. தொல்காப்பியம் படித்த ஆசிரியருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அவர் உடனே "மெய்ம்மயக்கம்லா" என்று சிரித்தார்.

ஆக ஒரே 'க' தட்டச்சு வழக்கத்திலும் அதை ஒட்டிய பாமினி எழுத்துருவிலும் எஃப் விசையில் இருக்கிறது, தமிழ்99-இல் எச் விசையில், இன்ஸ்கிரிப்ட் விசையமைப்பிலும் ஆங்கில ஒலிப்பு முறையிலும் கே விசையில். தமிழ் விக்கிப்பீடியாவின் தொகுப்புப் பெட்டியிலேயே இந்த முறைகளில் பலவற்றைத் தேர்ந்துகொள்ள வசதி இருக்கிறது. ஒரே உதவிப் பக்கத்தை இத்தனை பழக்கமுள்ளவர்களும் படிக்கிறார்கள்.

அழுத்துவதும் வருவதும் குழம்பிப்போவதன் விலை என்ன என்பதைத் தமிழர்கள் நன்றாகவே அனுபவித்திருக்கிறோம். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்கள் நினைவுபடுத்திக்கொள்ளலாம். 'தமிழ்' என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். கோப்புக்குள் இருந்தது தமிழே அல்ல, விரல் அழுத்திய விசைகளின் பட்டியல். அதன்மேல் தமிழ் முகமூடி ஒன்றை எழுத்துரு மாட்டியிருந்தது, அவ்வளவுதான். எத்தனை திருமண அழைப்பிதழ்கள், எத்தனை சிறுபத்திரிகைக் கோப்புகள் இப்படி வாசிக்க ஆளில்லாமல் கிடக்கின்றன! 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பு இந்த முடிச்சை அவிழ்த்தது. அதில் 'க' என்ற எழுத்துக்கு 2965 என்று சொந்த எண் உண்டு. எந்த விசையை அழுத்தி வந்தாலும் அந்த எண் மாறாது. 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழக அரசும் யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது.

இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் ஹெச்.டி.எம்.எல். மொழியில் இந்த வேறுபாட்டுக்கென்றே இரண்டு குறிகள் இருக்கின்றன. 1995 நவம்பரில் வெளியான அதன் இரண்டாம் பதிப்பின் ஆவணத்திலேயே இரண்டும் உண்டு. ஒன்று 'கேபிடி': பயனர் அழுத்த வேண்டியதைச் சுற்றிப் போடுவது. மற்றது 'சாம்ப்': கணினி காட்டுவதைச் சுற்றிப் போடுவது. ஆங்கிலத்தில் எழுதுகிற பலர் இரண்டாவதைத் தொடுவதே இல்லை. நமக்கோ இரண்டும் வேண்டும். எச் விசை கேபிடிக்குள், 'க' சாம்ப்புக்குள். என் குறிப்புத்தாளில் இல்லாமல் போனது இந்த ஒரு கோடுதான்.

விக்கி நிரலிலும் கேபிடி குறியை அப்படியே எழுதலாம். ஆனால் வெறும் குறி எழுத்தைச் சம அகல எழுத்தாக மாற்றிக் காட்டும், வேறொன்றும் செய்யாது. அதற்குச் சுற்றிலும் மெல்லிய கோடு, முனைகளில் வளைவு, கீழ்ப்பக்கம் சற்றே நிழல் என்று நடைவிதி எழுதினால்தான் பலகையிலிருந்து ஒரு விசையைப் பெயர்த்து வரிக்குள் வைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் இதை எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால் விக்கியர்கள் ஒரு வார்ப்புருவாகச் செய்துவைத்துவிடுகிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் அப்படி ஒன்று நெடுநாளாக இருக்கிறது. விசையின் பெயரை மட்டும் கொடுத்தால் பெட்டி வந்துவிடும்.

இரண்டு விசைகளைச் சேர்த்துச் சொல்லும்போது கூட்டல் குறி பெட்டிக்கு வெளியே நிற்க வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் "ஆல்ட் + ஷிப்ட் + இ அழுத்தினால் தொகுக்கலாம்" என்று என் தாளில் இருந்ததைப் பார்த்து, சார் ஆல்ட்டை அழுத்தி விட்டார், பிறகு கூட்டல் குறியைத் தேடி அழுத்தினார், பிறகு ஷிப்ட். கூட்டல் என்றால் முதல் விசையை விடாமல் பிடித்துக்கொண்டே அடுத்ததை அழுத்துவது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பதற்குக் கூட்டல் குறி போடவே கூடாது. பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

தமிழ் எழுத்தில் விசையின் பெயரைச் சொல்வதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 'ஆலங்குளம்' என்று தமிழ்99-இல் எழுத எட்டு விசைகள்: கியூ, என், பி, எச், டி, ஒய், கே, எஃப். படிக்கச் சரியாக இருக்கிறது. ஆனால் பலகையில் 'பி' இரண்டு, 'டி' இரண்டு. வி-க்கும் என்-னுக்கும் நடுவே இருக்கும் பி-யை அழுத்தினால் 'ங'. மேல்வரிசைக் கோடியில் ஓ-வுக்குப் பக்கத்தில் இருக்கும் பி-யை அழுத்தினால் 'ண'. எஸ்-க்கும் எஃப்-க்கும் நடுவே இருக்கும் டி 'உ' தரும், ஆர்-க்கு அடுத்த டி 'ஏ' தரும். இரண்டையும் மாற்றி அழுத்தியவருக்கு 'ஆலணகேளம்' என்று ஓர் ஊர் பிறந்துவிடும். பெட்டிக்குள் விசையில் அச்சிட்டிருக்கும் எழுத்தையே வரைந்து காட்டினால் இந்தச் சங்கடம் இல்லை.

இதே காரணத்தால்தான் விசைப் பெயர்களை மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 'கட்டுப்பாட்டு விசை' நல்ல தமிழ், கட்டுரைக்குள் தாராளமாக எழுதலாம். ஆனால் பெட்டிக்குள் வர வேண்டியது பலகையில் கண் தேடப்போகிற சொல். ஆப்பிள் கணினியில் வடிவம் பொறித்த விசையும் உண்டு: நாலு மூலையிலும் சுழி போட்ட ஒரு சதுரம். 1980-களின் தொடக்கத்தில் மேக் கணினிக்குப் படக்குறிகள் வரைந்த சூசன் கேர், குறியீடுகளின் அகராதி ஒன்றைப் புரட்டி எடுத்த வடிவம் அது. சுவீடனில் பார்க்கத்தக்க இடங்களைச் சுட்டும் பலகையில் இருப்பது. நம் வாசலில் மார்கழியில் போடும் சிக்குக் கோலத்தின் மிகச் சின்ன வடிவம் என்றால் யாருக்கும் புரியும். அதற்குப் பெயர் எழுதுவதைவிட அந்த வடிவத்தையே பெட்டிக்குள் வைப்பதுதான் வாசகருக்கு உதவி.

மறுநாள் தாளைத் திருத்தி எழுதினேன். ஒவ்வொரு விசைக்கும் ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பலகையில் உள்ளபடி ஆங்கில எழுத்து, அம்புக்குறி, அதற்குப் பிறகு கட்டமில்லாமல் தமிழ் எழுத்து. சார் ஒற்றை விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்து, பலகையில் தேடி அழுத்திக்கொண்டே வந்தார். 'ங'-வுக்குப் பின் 'க' அடித்ததும் புள்ளி தானாக ஏறியதைப் பார்த்து ஒரு நிமிஷம் கையை எடுத்துவிட்டார். 'ஆலங்குளம' வரை வந்தது. கடைசிக் கட்டத்தைத் தாளில் கண்டுபிடித்துவிட்டார், பலகையில் கிடைக்கவில்லை.

"சார், குனியாதீங்க. விரலால தடவிப் பாருங்க. ஆட்காட்டி விரல் வைக்கிற ரெண்டு கீயில மட்டும் சின்ன மேடு இருக்கும். இடது பக்கத்து மேடுதான் புள்ளி" என்றாள் அந்தப் பெண். நேற்று தன் விரல் ஏமாந்த அதே விசை.

அவர் தடவிப் பார்த்து, அழுத்தினார்.