அஞ்சடி: நடப்பவர்க்கு உரிய நிழல்

வெள்ளிக்கிழமைதோறும் என் தாயாரைச் சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். எண்பது வயதைக் கடந்தவர். கைத்தடி ஊன்றி நடப்பவர். தேக்காவில் பேருந்தை விட்டு இறங்கியதும், "அஞ்சடியிலேயே போவோம்பா, வெயில் படாது" என்பார்.

கடைவீடுகளின் முன்னால், மாடியின் கீழே, தூண்களுக்கும் கடைவாசலுக்கும் இடையே நீளும் நடைபாதையைத்தான் நம்மவர் அஞ்சடி என்கிறோம். மலாயில் அது 'காக்கி லீமா'. அன்றாடம் அதில் நடக்கும் நம்மில் பலர் அதன் வரலாற்றை எண்ணிப் பார்ப்பதில்லை.

1822ஆம் ஆண்டில் சர் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ், சிங்கப்பூர் நகரை வகுக்க அமைத்த குழுவுக்கு எழுதிய கட்டளைகளுள் ஒன்று இது: செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்படும் வீடு ஒவ்வொன்றும் முன்புறத்தில் குறிப்பிட்ட அகலத்தில் ஒரு தாழ்வாரம் விட வேண்டும்; தெருவின் இருபுறமும் அது தொடர்ச்சியான, கூரையுள்ள பாதையாக எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். ஆண்டில் ஏறத்தாழ 170 நாள் மழை பெய்யும், மற்ற நாளில் வெயில் சுட்டெரிக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. பினாங்கு, கோலாலம்பூர் கடைத்தெருக்களிலும் இவ்வழக்கம் வேரூன்றியது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அஞ்சடி நிற்கும் நிலம் பெரும்பாலும் வீட்டுக்காரருடையது. மேலே உள்ள மாடியும் அவருடையது. ஆனால் கீழே நடக்கும் உரிமை ஊராருடையது. நம் கிராமத்துத் திண்ணையும் வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தது. அது வீட்டாரின் பெருந்தன்மை. அஞ்சடியோ சட்டம் விதித்த கடமை. ஒருவர் விட்டால் போதாது. வரிசையில் உள்ள அனைவரும் விட்டால்தான் அது பாதை. ஒரு வீட்டார் அடைத்தாலும் நடப்பவர் தெருவில் இறங்க வேண்டியதுதான்.

பாதை என்று வகுத்த இடம் விரைவிலேயே பிழைப்புக்கும் இடமாயிற்று. முடிதிருத்துவோர், கடிதம் எழுதிக் கொடுப்போர், பூக்கட்டுவோர், கிளி ஜோசியர் எனக் கடை வாடகை கொடுக்க இயலாத பலருக்கு அஞ்சடியே வாழ்வளித்தது. பாதையா, பிழைப்பிடமா என்னும் வழக்கு பெரிதாகி, 1888 பிப்ரவரியில் நகராட்சி அஞ்சடிகளைக் காலிசெய்ய முற்பட்டபோது கடையடைப்பும் கல்லெறியும் நிகழ்ந்தன. இறுதியில், நடப்பவருக்கு வழி விட்டால் பொருள் வைக்கலாம் என்னும் இணக்கத்தில்தான் அது தணிந்தது.

பின்னாளில் நகர மறுசீரமைப்பில் பல கடைவீட்டு வரிசைகள் மறைந்தன. 1989இல் தேக்கா வட்டாரமான லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் முதலியவை பழமை பேணும் வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. இன்று நாடு முழுவதும் இவ்வாறு பாதுகாக்கப்படும் கட்டடங்கள் 7,000க்கும் மேல். அவற்றில் அஞ்சடியையும் காக்க வேண்டும் என்பது விதி. புதிய கட்டடங்கள் பலவற்றிலும் கூரையுள்ள நடைபாதை கேட்கப்படுகிறது. தூணும் ஓடும் மாறினாலும் 1822இன் கருத்து அறுபடாமல் தொடர்கிறது.

ஆயினும் சுவரைக் காப்பது வேறு, வழியைக் காப்பது வேறு. சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு கடையின் முன் அட்டைப்பெட்டிகள் தூண் வரை அடுக்கப்பட்டிருந்தன. அம்மாவைக் கைத்தாங்கலாகச் சாலையில் இறக்கினேன். ஒரு லாரி எங்களை உரசுவதுபோல் கடந்தது. நான் கோபத்தோடு கடைக்காரரை நோக்கித் திரும்பியபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சண்டை போடாதே. உங்கப்பாவும் அஞ்சடியில மெஷினைப் போட்டுத் தைச்சுத்தானே உங்களைப் படிக்க வைச்சாரு?"

எனக்குப் பேச்சு எழவில்லை. சற்று நடந்த பின் அவரே சொன்னார்: "ஆனா அவரு சுவரோரமாத்தான் உட்காருவாரு. ரெண்டு பேரு சேர்ந்து போற அளவுக்கு வழி விட்டுட்டுத்தான் மெஷினைப் போடுவாரு."

மறுவாரம் அந்தக் கடைக்காரரிடம் இதையே சொன்னேன்; கோபமாக அல்ல, அப்பாவின் கதையாக. அவர் பெட்டிகளை ஒருபுறமாக ஒதுக்கினார். இப்போதும் சில வாரம் வழி இருக்கிறது, சில வாரம் இருப்பதில்லை. இல்லாதபோது மீண்டும் சொல்கிறேன்.

ஆலயத் திருச்சுற்றில் நாம் யாரும் பொருளைப் போட்டு வழியை மறிப்பதில்லை. பின்னால் வருபவரும் வலம் வர வேண்டும் என்பதை அறிவோம். அஞ்சடியும் அத்தகையதே. கடை வைத்திருக்கும் அன்பர்கள் முதியவர் ஒருவர் கைத்தடியோடு, துணைக்கு ஒருவரோடு, நடக்கும் அகலத்தை விட்டு வைத்தால் போதும். பிழைப்பும் நடக்கும், வழியும் நிலைக்கும்.