மாசி, பங்குனி: கடலோரக் கழனியில் பருவம் மாறும் காலம்

திருவொற்றியூருக்கு வடக்கே எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வட்டாரக் கடலோரத்தில் விவசாயம் செய்வோரிடம் இளவேனில் எப்போது வருகிறது என்று கேட்டால், சித்திரையில் என்பார்கள். பெரும்பொழுதுகளை வகுத்த முன்னோரும் சித்திரை, வைகாசி ஆகிய இரு மாதங்களையே இளவேனில் என்றனர். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். ஆனால் உங்கள் கழனியும் கிணறும் இந்தக் கணக்கின்படி நடப்பதில்லை. சித்திரை பிறப்பதற்குள் வெயில் காலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அது மெல்ல மெல்ல வருவதால் நாம் கவனிப்பதில்லை. நவரைப் பயிருக்கும் கிணற்று நீருக்கும் உரிய முடிவுகளை எடுக்க வேண்டிய வாரங்கள் இதனால் கை நழுவிப் போகின்றன.

குளிர் நாடுகளில் பகல் நீளுவதைக் கொண்டே வசந்தத்தை அறியலாம். லண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் 9 மணி நேர வேறுபாடு உண்டு. சென்னையில் அந்த வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. ஆகவே நம் பகுதியில் பருவ மாற்றத்தைக் கண்ணால் அறிவது கடினம். காற்றையும் இரவையும் கொண்டுதான் அறிய வேண்டும்.

மார்கழியிலும் தையிலும் வாடைக் காற்று வீசுகிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியோர் சொல்வார்கள். அந்த மாசிப் பனி விழும்போதே காற்று திரும்பத் தொடங்கிவிடும். வடகிழக்கிலிருந்து கிழக்கு, பின் தென்கிழக்கு, பங்குனியில் தெற்கு என்று சிறிது சிறிதாக அது மாறும். சென்னையில் ஜனவரி மாத இரவு வெப்பம் சராசரியாக 21 டிகிரி சென்டிகிரேட் அளவில் உள்ளது. ஏப்ரலில் அது 26 டிகிரியைத் தாண்டுகிறது. பகலில் கடற்காற்று வெப்பத்தைத் தணிப்பதால் நாம் ஏமாந்து போகிறோம். விடியற்காலையில் போர்வை தேவைப்படாத முதல் வாரத்தைக் குறித்து வையுங்கள். இங்கே இளவேனில் அன்று பிறந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மரங்கள் நம்மைவிட முன்னதாகவே இதை அறிகின்றன. புங்கனும் வேம்பும் பழுத்த இலைகளை உதிர்த்துத் துளிர்க்கும். முருங்கை பூக்கும். பனையில் பாளை வெளிவரும். குயில் கூவத் தொடங்கும். நகர வேலைக்குப் போய் வருபவர்கள் இராயபுரம் தெருவோரத்துப் பூவரச மரத்தையாவது பார்த்து வைக்கலாம்!

நவரை விதைப்பும் வெப்பமும்

நெற்பயிர் நாட்களை எண்ணி வளர்வதில்லை; வெப்பத்தைச் சேர்த்து வைத்து வளர்கிறது. சுமார் 10 டிகிரிக்குக் கீழே அதன் வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு டிகிரியும் பயிரின் கணக்கில் வரவாகும். ஜனவரியில் இரவு பகல் சராசரி வெப்பம் 25 டிகிரி என்றால் அன்றைய வரவு 15. ஏப்ரலில் சராசரி 30 டிகிரி என்றால் வரவு 20. இதனால்தான் தை மாத நாற்றங்கால் மந்தமாக இருக்கிறது. பங்குனி, சித்திரையில் அதே பயிர் விரைந்து முற்றுகிறது. விரைந்து முற்றுவது நல்லதுதானே என்று எண்ண வேண்டாம். பால் பிடிக்கும் நாட்கள் குறைந்தால் மணியின் எடை குறையும். இரவு வெப்பம் மிகுந்தால் பகலில் இலை தயாரித்த மாவுச்சத்தை இரவில் பயிரே மூச்சுவிட்டுத் தீர்த்துவிடும்.

பூக்கும் சமயம் இன்னும் முக்கியமானது. நெற்பூ முற்பகலில் விரிந்து சிறிது நேரத்தில் மூடிக்கொள்ளும். அந்நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். 110 நாள் வயதுடைய ரகத்தை ஜனவரி முதல் வாரத்தில் விதைத்தால் மார்ச் மூன்றாம் வாரத்தில் பூக்கும். பிப்ரவரி தொடக்கத்தில் விதைத்தால் ஏப்ரல் மூன்றாம் வாரத்தையொட்டிப் பூக்கும். சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்பது ஏப்ரல் 24ஆம் தேதியை ஒட்டித்தான். எனவே நவரை விதைப்பைப் பொங்கலுக்கு முன் முடித்துவிடுவது சாலச் சிறந்தது. நாற்றங்கால் குளிரில் தேங்கி நின்றால் மாலையில் கிணற்று நீரைப் பாய்ச்சிக் காலையில் வடித்துவிடலாம். கிணற்று நீர் இரவுக் காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் நாற்று தேறும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பகல் குறுகும்போது மட்டுமே கதிர் விடும் பழைய சம்பா ரகங்களை நவரையில் விதைக்கக் கூடாது. ஒன்றரை மணி நேர வேறுபாடு நமக்குத் தெரியாமல் போகலாம். அந்த நெல்லுக்குத் தெரியும். தையில் விதைத்தால் அவை மாதக் கணக்கில் தாளாகவே நிற்கும்.

கிணறு கரிக்கத் தொடங்கும் மாதங்கள்

இப்பகுதியின் ஆண்டு மழையில் ஐந்தில் மூன்று பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. தை பிறந்தபின் பாய்ச்சும் ஒவ்வொரு சொட்டும் சேமிப்பிலிருந்து எடுப்பதே. கொசஸ்தலையாற்றில் நீரோட்டம் குறைந்து, வள்ளூர் அணைக்கட்டுக்குக் கீழே ஆறு மெலியும். எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் சேரும். ஓதத்தின்போது உப்பு நீர் கழிமுகத்தின் வழியே உள்ளே ஏறும்.

காற்று திரும்பினால் கரையோர மணலும் திரும்பும். தென்காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. 1876இல் சென்னைத் துறைமுகச் சுவர்கள் கட்டத் தொடங்கியபின் அந்த மணல் தெற்கே தடுக்கப்பட்டு மெரினாவில் குவிந்தது. இராயபுரம் முதல் எர்ணாவூர் வரை கரை அரிக்கப்பட்டது. இன்று அங்கே கடலுக்கும் சாலைக்கும் நடுவே பாறைகள் கொட்டப்பட்டிருப்பதைக் காண்கிறோம். பருவத்தின் போக்கை மேலே மறித்ததன் விளைவு அது. நிலத்துக்குக் கீழேயும் இத்தகைய விளைவு உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

கடலோர மண்ணடியில் நன்னீர், கனமான உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு நீர் நாளடைவில் 40 அடி எழும்பும். ஆகவே கரித்த கிணற்றை மேலும் ஆழப்படுத்துவது உப்பை அழைத்து வருவதே ஆகும். மீஞ்சூர் வட்டாரத்தில் நடந்ததும் இதுவே. சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நீர் எடுக்கப்பட்டது. பாசனத்துக்கும் நாம் இறைத்தோம். 1969இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உவர் நீர், 1983இல் சுமார் 7 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. பழி விவசாயிக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் உப்பு ஏறிய வயல் விவசாயியுடையது.

எனவே தை, பங்குனி, சித்திரை ஆகிய மூன்று மாதங்களிலும் நீரைப் பரிசோதித்துப் பாருங்கள். பம்பு செட்டை 15 நிமிடம் ஓடவிட்டபின், அதே நீரால் நன்கு கழுவிய பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து, பெயர், சர்வே எண், தேதி எழுதி மண், நீர் ஆய்வுக்கூடத்தில் கொடுக்கவும். திருவள்ளூர் மாவட்டம் திரூரில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம். ஒரு முறை வரும் முடிவைவிட, மூன்று முடிவுகளுக்கு இடையே உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதே உங்களுக்குப் பயன்படும்.

ஏற்றம் தெரிந்தால் அடுத்த ஆண்டு நவரைப் பரப்பைக் குறைத்துக்கொள்ளவும். குறுகிய கால நெல்லுக்கே 1,100 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீர் வேண்டும். சம்பா அறுவடைக்குப்பின் எஞ்சிய ஈரத்தில் உளுந்து அல்லது பச்சைப்பயறு விதைத்தால் 65 முதல் 75 நாட்களில் கைக்கு வரும். ஆனால் இவை உப்பைத் தாங்காதவை. கரிக்கும் கிணற்று நீரை இவற்றுக்குப் பாய்ச்ச வேண்டாம். கேழ்வரகு ஓரளவு தாங்கும். நீர் நன்றாக உள்ள இடங்களில் நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, கட்டிய நீர் வற்றி ஒரு நாள் கழித்து இரண்டு அங்குலம் கட்டினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மோட்டாரை இரவு முழுதும் ஓடவிடாமல் இரண்டு மூன்று மணி நேரமாகப் பிரித்து இறைக்கவும். பக்கத்துக் கிணற்றுக்காரருடன் முறை வைத்துக்கொண்டால் இருவர் கிணறும் ஒரே சமயத்தில் இறங்காது.