நான்காண்டுப் பட்டப்படிப்பு: பாட ஆசிரியருக்குத் தெரிவது கல்வி ஆலோசகரைச் சென்றடைகிறதா?

கொச்சி: கேரளத்தில் நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பு முறை 2024 ஜூலை 1 அன்று தொடங்கியது. அதில் சேர்ந்த முதல் அணி மாணவர்கள் 2027-இல் மூன்றாம் ஆண்டை நிறைவு செய்கின்றனர். 133 கிரெடிட்டுகளுடன் பட்டம் பெற்று வெளியேறுவதா, நான்காம் ஆண்டையும் படித்து 177 கிரெடிட்டுகளுடன் ஹானர்ஸ் பட்டம் பெறுவதா என்பதை அவர்கள் அப்போது முடிவு செய்தாக வேண்டும். ஆனால் அந்த முடிவுக்கான வாய்ப்புகளைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை, முதல் இரண்டு ஆண்டுகளில் அவர்கள் தேர்ந்தெடுத்த பாடங்களே. அத்தேர்வின்போது அவர்களுக்கு வழிகாட்டியது யார் என்ற கேள்வி இதனால் முக்கியத்துவம் பெறுகிறது.

பழைய முறையில் இக்கேள்விக்கு அவ்வளவாக இடமில்லை. இயற்பியலில் சேர்ந்த மாணவர் எந்தப் பருவத்தில் எதைப் படிக்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமே வகுத்துவிடும். புதிய முறையில் முதன்மைப் பாடத்துடன் துணைப் பாடங்கள், பல்துறைப் பாடங்கள், திறன் மேம்பாட்டுப் பாடங்கள் ஆகியவற்றையும் மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. முதலாம் ஆண்டின் முடிவில், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, முதன்மைப் பாடத்தையே மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. பதினெட்டு வயதில் இத்தனை முடிவுகளைத் தனியாக எடுப்பது எளிதன்று என்பதால், மாணவர்களுக்குக் கல்வி ஆலோசகராகச் செயல்பட ஆசிரியர் ஒருவரை நியமிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. பொதுவாக அவர் மாணவரின் தாய்த் துறையைச் சேர்ந்தவர்.

மட்டாஞ்சேரியில் கூடுதல் தேவை

கொச்சியின் மட்டாஞ்சேரி போன்ற பகுதியில் இந்த ஏற்பாட்டின் தேவை இன்னும் தெளிவாகத் தெரியும். மிளகு, இஞ்சி வணிகத்தால் வளர்ந்த இப்பழைய துறைமுகப் பகுதியில் மலையாளத்துடன் கொங்கணி, குஜராத்தி, தமிழ் எனப் பல மொழிகள் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் சலவைத் துறையில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் தொழில் செய்கின்றன. வட்டாரத்தின் கொச்சின் கல்லூரி 1967 முதல் இயங்குகிறது. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் ஒரு மாணவிக்கு, துணைப் பாடம் என்றால் என்ன, கிரெடிட் குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வீட்டில் எவரும் இருக்கமாட்டார். அவருக்குக் கல்வி ஆலோசகரே ஒரே துணை.

இடைவெளி எங்கே?

சிக்கல், ஆலோசகருக்குத் தெரிவதும் பாட ஆசிரியருக்குத் தெரிவதும் வேறு வேறாக இருப்பதில் உள்ளது. ஓர் எடுத்துக்காட்டு: இயற்பியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட மாணவி, பொருளியலைத் துணைப் பாடமாக எடுக்கிறார். இரண்டாம் பருவத்தில் பொருளியல் வகுப்பிலிருந்து அவர் மெல்ல விலகத் தொடங்குகிறார், பணிகளை ஒப்படைப்பதில்லை. இதை முதலில் அறிபவர் பொருளியல் ஆசிரியர். மாணவியின் கிரெடிட் கணக்கும் எதிர்காலத் திட்டமும் தெரிந்தவரோ இயற்பியல் துறையிலுள்ள ஆலோசகர். இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால், ஆலோசகருக்கு உண்மை தெரியவருவது தேர்வு முடிவு வெளியான பிறகுதான். அதற்குள் அடுத்த பருவத்துக்கான பாடத் தேர்வு முடிந்திருக்கும்.

இதைத் தவிர்க்கும் கருவி ஒன்று புதிய முறையிலேயே இருக்கிறது. எழுத்துப் பாடங்களில் மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் தொடர் மதிப்பீட்டுக்கும் 70 சதவீதம் பருவ இறுதித் தேர்வுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. தொடர் மதிப்பீட்டு மதிப்பெண், பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆசிரியரின் கையில் இருக்கிறது. வருகைப் பதிவுடன் சேர்த்து அதை மாதம் ஒருமுறை ஆலோசகருக்கு அனுப்பினாலே எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைத்துவிடும். இதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. ஒரு பொது அட்டவணை போதும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2012 முதல் இதையே பெரிய அளவில் செய்துவருகிறது. அங்கு 800-க்கும் மேற்பட்ட அறிகுறிகள் கணினி வழியே கண்காணிக்கப்படுகின்றன. ஒரு மாணவர் தடுமாறுவதாகத் தெரிந்தால் ஆலோசகர் தாமே அவரை அழைத்துப் பேசுகிறார். கணினியைக் காட்டிலும், எச்சரிக்கையைப் பெற்று உடனே பேசுவதற்கு ஆள் இருப்பதே அத்திட்டத்தின் வலிமை எனலாம்.

தமிழகத்தில் அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகளில் ஆலோசகருடன் வகுப்புக் குழு என்ற அமைப்பும் இடம்பெற்றுள்ளது. வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களும் மாணவர் பிரதிநிதிகளும் அதில் ஒன்றாக அமர்கின்றனர். பொறியியலில் ஒரு வகுப்பு மாணவர்கள் பெரும்பாலும் ஒரே பாடங்களைப் படிப்பதால் அது இயல்பாக நடக்கிறது. மாணவர்கள் பல துறைகளுக்குப் பிரிந்து செல்லும் கேரள முறையில், ஒரு மாணவருக்கான ஆசிரியர்களை ஒன்றாகக் கூட்டுவதே கடினம்.

நீதிமன்றத்தின் உத்தரவு

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்ற 17 வயது மாணவி உயிரிழந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்கள் தகுதி பெற்ற உளவியல் ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று அது கூறியது. தேர்வுக் காலங்களிலும் கல்வி மாற்றங்களின்போதும் சிறு குழுக்களுக்குத் தனி வழிகாட்டிகள் வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. இதன்படி மாணவரைச் சுற்றி மூவர் நிற்கின்றனர்: பாட ஆசிரியர், கல்வி ஆலோசகர், உளவியல் ஆலோசகர். கல்வி ஆலோசகர் உளவியல் சிகிச்சை அளிக்கத் தகுதி பெற்றவர் அல்லர். ஆனால் யாரை அனுப்ப வேண்டும் என்பதை அவரால் கண்டறிய முடியும். மாணவர் நம்பிச் சொன்ன தனிப்பட்ட செய்திகளை மூவருக்கும் பகிர வேண்டியதில்லை. வருகை, மதிப்பெண், கிரெடிட் ஆகியவை போதும்.

நேரமும் ஆள்பலமும்தான் இனி எஞ்சும் கேள்வி. பாடம் நடத்துதல், விடைத்தாள் மதிப்பீடு ஆகியவற்றுக்கு மேல் ஆலோசனைப் பணியையும் ஒரே ஆசிரியர் சுமக்கிறார். காலியிடங்களில் பணிபுரியும் விருந்தினர் விரிவுரையாளர்கள் கல்வியாண்டின் முடிவில் விலகும்போது, மாணவரைப் பற்றி அவர்கள் அறிந்தவையும் உடன் சென்றுவிடுகின்றன. ஆலோசனை நேரம் பணி அட்டவணையில் இடம்பெறுவதும், விலகுபவரின் குறிப்பேடு அடுத்தவரிடம் ஒப்படைக்கப்படுவதும் கல்லூரி நிர்வாகங்கள் செய்ய வேண்டியவை. ஐந்தாம் பருவத்துக்கு முன் இது நடந்தால்தான், கிரெடிட் குறைவுள்ள மாணவருக்கு அதை ஈடுசெய்யப் பருவங்கள் மிச்சமிருக்கும்.