ஆறாதாரமும் சக்கர வைத்தியமும்

கிருட்டிணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினம் தென்பெண்ணையாற்றங்கரையில் உள்ளதோர் ஊர். பெயரொப்புமை ஒன்றே பற்றி அதனைப் பட்டினத்தடிகள் தோன்றிய காவிரிப்பூம்பட்டினம் எனக் கொள்ளலாகாது. ஆறும் வேறு, ஊரும் வேறு. ‘சக்கரம்’ என்னும் சொல்லிலோ இத்தகைய மயக்கம் இக்காலத்து மிக்கு நிகழ்கின்றது. உடம்பில் ஏழு சக்கரங்கள் சுழல்கின்றன, அவற்றுள் ஒன்று அடைபடின் நோய் வரும், பயின்றார் ஒருவர் தொடாது கையசைப்பின் அடைப்பு நீங்கி நோய் தீரும், இது திருமூலர் கண்ட நெறியே என்று கூறிப் பொருள் பெறுவார் பலர். இக்கூற்றிற்குச் சைவ நூல்களில் இடமுண்டா என்பது ஆராயற்பாலது.

திருமந்திரம் நான்காந் தந்திரத்தில் திருவம்பலச் சக்கரம், நவாக்கரி சக்கரம் என வருவன, எழுத்துக்களை அறைகளில் அடைத்து வழிபடுதற்குரிய யந்திரங்களாம். உடம்பகத்து நிலைகளை நம்மவர் ஆதாரம் என்றே பெரிதும் வழங்குவர். மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆக்கினை என அவை ஆறு. ஆதாரமாவது தாங்குவது, அலையும் மனம் ஊன்றி நின்று தியானித்தற்குரிய பற்றுக்கோடு. ஆதாரந்தோறும் அதிதெய்வமும் எழுத்தும் தாமரையிதழும் விதிக்கப்பட்டமை இதுபற்றியே.

அவ்விதழ்களை உடம்பை அறுத்தே தேடினார் ஒருவர் உளர். ஆரிய சமாசம் நிறுவிய தயானந்த சரசுவதி, 1879 முதல் தியாசபிஸ்ட் இதழில் வெளிவந்த தம் வரலாற்றில், ஆற்றில் மிதந்து வந்த பிணத்தைக் கரையேற்றிக் கத்தியாற் கீறியதாகவும், யோக நூல் கூறிய சக்கரங்கள் காணப்படாமையின் நூலைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றிலெறிந்ததாகவும் எழுதியுள்ளார். அவர் துணிவு பெரிது. ஆயினும், தியானத்தில் அமைத்துக்கொள்ளுந் தாமரை பிணத்தின்கண் யாங்ஙனம் இருக்கும்? கையசைத்து நோய் தீர்ப்போர் அதனை அடைபடும் குழாய்போலக் கூறுதலின், அவர்க்கு மட்டும் அக்கத்தி தக்க விடையேயாம்.

தொகையிலும் நூல்கள் ஒருபடியாக இல்லை. கோரக்கர் பெயரால் வழங்கும் சித்தசித்தாந்த பத்ததி ஒன்பது கூறும். உறுப்பாயின் நூல்தோறும் எண் வேறுபடுமோ? ஏழென்னும் வழக்கு உலகிற் பரவியது, வங்கத்துப் பூரணானந்தர் 1577இல் இயற்றிய நூலின் ஒரு பகுதியாகிய ஷட்சக்ர நிரூபணத்தை, கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த சர் ஜான் உட்ரோப், ஆர்தர் அவலான் என்னும் புனைபெயரில் 1919இல் ஆங்கிலத்தில் வெளியிட்டதன் வழியே. 1927இல் பிரமஞான சங்கத்து லெட்பீட்டர், சுவாதிட்டானத்தை விலக்கி மண்ணீரலில் ஒரு சக்கரம் வைத்தார். வானவில்லின் ஏழு நிறங்களை ஏழிற்கும் பங்கிட்டமை 1970களில் மேனாட்டில் ஊன்றிய வழக்கு. மூலாதாரத்து நிலத்திற்கு நம் நூல்கள் கூறுவது பொன்னிறம். இக்காலப் படங்களிலோ அது சிவப்பு. ஜப்பானில் மிகாவோ உசுயி 1922இல் தொடங்கிய ரெய்கியோடு சக்கரங்கள் ஒட்டப்பெற்றதும் பின்னர் மேனாட்டிலேதான்.

கைக்கு ஆற்றல் புலனாகும் என்பதும் சோதிக்கப்பட்டுள்ளது. எமிலி ரோசா என்னும் அமெரிக்கச் சிறுமி, இவ்வைத்தியம் பயின்ற 21 பேரைத் திரைக்கப்பால் இரு கைகளையும் நீட்டச் செய்து, அவற்றுள் ஒன்றன்மேல் தன் கையைத் தொடாது பிடித்து, எக்கை என வினவினாள். 280 முறையுள் 123 முறையே விடை பொருந்திற்று. காசு சுண்டியிருப்பினும் பாதி பொருந்துமே! இது 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

அற்றேல், ஞானசம்பந்தப் பெருமான் பாண்டியன் வெப்பையும் கொல்லிமழவன் மகளின் முயலக நோயையும் தீர்த்ததும், நாவரசர் சூலை அதிகையில் நீங்கியதும் என்னையெனின், அவை இறைவனைப் பாடி வேண்ட அவனருளால் நிகழ்ந்தன. அடைப்பொன்றைக் கையாற் சீர்செய்தனர் எனச் சேக்கிழார் யாண்டும் கூறிற்றிலர். கூலி பெற்றதாகவும் இல்லை. சித்தாந்தத்தில் சத்தியென்பது சிவத்தின் வேறாகாத பேரறிவு. கையால் தள்ளவும் கூட்டவும் வருவதொன்று உளதாயின் அது சடமே. அதற்குத் திருவருளின் பெயரை இடுதல் தகாது. ஆதாரங்களும் மாயையின் காரியங்களாகலின், அவற்றைக் கடந்து நிராதாரத்திற் சேறலே யோகியர்க்கு விதித்தது. நம் நெறியில் அவை ஏறிக் கழியும் படிகள்.

அமைதியாயிருத்தலாலும் மூச்சை ஒழுங்குபடுத்தலாலும் மனக்கலக்கம் தணிதல் உண்டு, அதனை மறுப்பாரில்லை. ஆயின் ஓசூர் ஆலையொன்றில் இரவுமுறை உழைப்பானொருவன் நெஞ்சுநோவுற்ற பொழுது, அநாகதம் அடைபட்டதென்னும் சொற்கேட்டு ஒருநாள் தாழ்ப்பினும் உயிரே போகக்கூடும். நீரிழிவுடையார் மருந்தை நிறுத்தி மணிபூரகத்தைத் துலக்குதலும் அன்னதே. மந்திரம், கவசம் முதலியவற்றால் நோய் தீருமென விளம்பரஞ் செய்தலை விலக்கும் சட்டம் இந்நாட்டில் 1954 முதல் உள்ளது; அதன் அட்டவணையில் இதயநோய், நீரிழிவு, புற்றுநோய் மூன்றும் பெயர் சுட்டப்பெற்றுள்ளன.