வயல் மனையான வரலாறு: மாம்பலமும் வெருகலும்

நீர் உள்ள இடத்தை நாடி வயல் அமைவதும், வயலை அடுத்துக் குடி அமைவதும் தமிழர் வாழும் நாடெங்கும் தொன்றுதொட்டு வரும் முறையாகும். குடி பெருகுங்கால் வயல் மனையாக மாறுதலும் இயல்பே. அங்ஙனம் மாறுமிடத்து, முன்பு வயலிற் பாய்ந்த நீர் இனி எங்கே செல்லும் என்னும் வினாவுக்கு மாந்தர் விடை காணாராயின், பிற்காலத்தில் மழையே அதற்கு விடை கூறும். இவ்வுண்மையைத் தெளிவுற விளக்குவது சென்னை மாநகரின் ஒரு பகுதியாகிய மாம்பலத்தின் வரலாறு. மாவலி கங்கையின் கிளையாகிய வெருகலாற்றின் கரையில் வாழ்வோர்க்கும் அவ்வரலாறு பயன்படுவதாகும்.

தொண்டை மண்டலத்து ஆறுகள் ஆண்டு முழுதும் ஓடுவன அல்ல. ஆதலின் வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழையை ஏரிகளில் தேக்கி அந்நாட்டார் பயிர் செய்தனர். ஈழத்தில் குளம் என வழங்குவதையே அவர்கள் ஏரி என்பர். இங்குள்ள துருசு அங்கு மதகு எனவும், இங்குள்ள வான் அங்கு கலிங்கு எனவும் பெயர் பெறும். ஏரி, வயலுக்கு நீர் ஊட்டுவதோடு அமைவதன்று. சுற்றியுள்ள கிணறுகளின் ஊற்றை அது வற்றாது காக்கும். பெருமழை பெய்யுங்கால் வெள்ளத்தின் விசையையும் அடக்கும். இம்மூன்றனுள் முதலாவது பயன் கண்ணுக்குப் புலனாவது. ஏனைய இரண்டும் ஏரி அழிந்த பின்னரே உணரப்படுவன.

சென்னையின் மேற்குப் புறத்தில், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டையை நோக்கி நீண்டு கிடந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் ‘லாங் டாங்க்’, அதாவது நீண்ட ஏரி, என்றனர். அதனை அடுத்திருந்த மாம்பலம், செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உழவர் சிற்றூராக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையின் குடித்தொகை பெருகவே, புதிய குடியிருப்புகளுக்கு நிலம் வேண்டியதாயிற்று. புகையிரதப் பாதை மாம்பலத்தின் ஊடே சென்றமையால், நகரில் தொழில் புரிவோர் ஆங்கு உறைவது எளிதாயிற்று. 1920ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. 1923இல் ஏரியின் நீரை வடித்து நிலமாக்கும் பணி தொடங்கியது.

இங்ஙனம் எழுந்த குடியிருப்புக்குத் தியாகராய நகர் எனப் பெயரிட்டனர். நீதிக்கட்சியின் நிறுவுநருள் ஒருவரும், சென்னை மாநகர சபையின் தெரிவு செய்யப்பட்ட முதலாவது தலைவரும், 1925இல் காலமானவருமாகிய பிட்டி தியாகராயச் செட்டியாரின் நினைவாக அப்பெயர் அமைந்தது. 1921 முதல் 1926 வரை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய பனகல் அரசரின் பெயரால் நடுவே ஒரு பூங்கா அமைய, அதிலிருந்து அகன்ற வீதிகள் பிரிந்து சென்றன. உஸ்மான், நாயர், நடேசன் முதலிய பெயர்கள் அக்காலத்து அரசியலை இன்றும் நினைவூட்டுகின்றன. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சாரப் புகையிரதம் ஓடத் தொடங்கியபின் குடிகள் விரைந்து பெருகினர். வீடுகள் நிறைந்த வீதிகள் நாளடைவில் கடைகள் நிறைந்த வீதிகளாயின. அங்குள்ள ரங்கநாதன் தெரு இன்று தமிழகம் முழுதும் அறிந்த வணிகத் தெருவாகும்.

புகையிரதப் பாதையின் மேற்குப் புறம் இவ்வாறு திட்டமிட்டு எழவில்லை. வடிகால் குறைவால் மேற்கு மாம்பலம் நெடுங்காலம் நுளம்புக்கும் யானைக்கால் நோய்க்கும் பெயர் பெற்றிருந்தது. நீர் தங்கும் நிலத்தில் வீட்டை முன்னும் வடிகாலைப் பின்னும் அமைத்ததன் பயன் இதுவே எனலாம்.

ஏரியின் எஞ்சிய பகுதிகளும் காலப்போக்கில் மறைந்தன. 1976இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய ஏரி நிலத்திலேயே. ஆயினும் நீர் தன் இடத்தை மறக்கவில்லை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் பெய்த பெருமழையில் தியாகராய நகரும் மேற்கு மாம்பலமும் வெள்ளத்துள் ஆழ்ந்தன. நீரைக் கொண்டு சென்று அடையாற்றில் சேர்ப்பதற்கு எஞ்சியிருந்த மாம்பலம் கால்வாயோ, முன்பு ஏரி தாங்கிய சுமையைத் தாங்கவல்லதன்று. நுங்கம்பாக்கத்தில் ‘டாங்க் பண்ட்’ என ஏரிக்கரையின் பெயர் தாங்கிய வீதி இன்றும் உண்டு. கரை காத்த ஏரிதான் இல்லை.

இனி வெருகலை நோக்குவோம். திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில், சித்திரவேலாயுத சுவாமி கோயிலால் சிறப்புற்ற அவ்வூர், வயலையும் ஆற்றையும் நம்பி வாழ்வது. மலைநாட்டில் பெய்யும் மழையும் மாவலி வழியே இறுதியில் இத்தாழ்நிலத்தை அடையும். 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிழக்கு மாகாணம் எங்கும் பரந்த வெள்ளத்தை மக்கள் மறந்திரார். 2004இல் ஆழிப்பேரலையாலும், 2006இல் மாவிலாற்று மதகை ஒட்டி மூண்ட போராலும் பெயர்க்கப்பட்ட குடிகள், பின்னர் மீண்டு வந்து தம் மனைகளைப் புதிதாக எழுப்ப நேர்ந்தது. முன்பு பாதை எனப்படும் மிதவையிற் கடந்த ஆற்றை இன்று பாலம் இணைக்கின்றது. மாம்பலத்திற் புகையிரதம் செய்ததை ஈண்டு வீதியும் பாலமும் செய்தல் கூடும்.

குடி பெருகுதல் நன்றே. மீண்டு வந்தோர்க்கு உறுதியான மனை அமைதல் அதனினும் நன்று. ஆயின் வெள்ளம் படியும் தாழ்நிலத்தை வயலாகவே விடுத்து, மேட்டு நிலத்தை மனைக்கு வகுத்து, நீரோடும் வாய்க்கால்களை அளந்து எல்லையிட்டுக் காப்பது முதற்கண் செய்யத்தக்கது. மாம்பலத்தார் நூறாண்டு கழிந்து உணர்ந்ததை, வெருகலார் மனைக்கு அடிக்கல் நாட்டும் முன்னரே உணர்தல் கூடும். பிறர் வரலாற்றைக் கற்பதன் பயனும் அதுவேயாம்.