ஆலமரத்துக்குச் சொட்டு மருந்து

தெலுங்கானாவில் மகபூப்நகருக்கு அருகே, ஏறக்குறைய 3 ஏக்கர் பரப்பில் விழுதூன்றி நிற்பதும், 700 ஆண்டு வயதினதென்று மதிக்கப்படுவதுமான பில்லலமர்ரி என்னும் ஆலவிருட்சத்தின் பெருங்கிளையொன்று 2017-ஆம் ஆண்டின் இறுதியில் முறிந்து விழுந்தபோதுதான், கறையான் அதை எவ்வளவு தூரம் அரித்திருந்தது என்பது வெளிப்பட்டது. வனத்துறையினர் பார்வையாளர்களைத் தடுத்துவிட்டு, துளையிட்டு ஊற்றிய மருந்து வெளியே வழிந்துவிட்டமையால், ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றுவதைப் போலவே புட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டு, துளித்துளியாக மரத்துக்குள் இறக்கினார்கள். தளர்ந்த கிளைகளுக்குத் தூண்களை முட்டுக் கொடுத்தார்கள்.

பத்திரிகைகளில் பேரெடுத்தது அந்தச் சொட்டு மருந்துதான். ஆயினும் முதிர்ந்த மரத்தின் ரோகத்துக்கு மூலகாரணம் பெரும்பாலும் மண்ணிலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணின் ஓரிரண்டு அடிக்குள்ளேயே, கிளைகளின் நிழலுக்கும் அப்பால் பரவியிருப்பதால், அங்கே சிமெண்டுத் தளம் போட்டாலோ, வண்டிகளை நிறுத்தி மண்ணை இறுக்கினாலோ, பிராணவாயு கிட்டாமல் அவை மடிகின்றன. உச்சிக்கிளை காய்வதோ சில ஆண்டுகள் கழித்துத்தான். அதற்குள் காரணம் மறந்துபோய், கடைசியில் வந்த பூச்சியின்மேல் பழி விழுகிறது!

மரத்தின் நிலையை அறிய, அடிமரத்தை மரச்சுத்தியால் தட்டிப் பார்த்தால் உள்ளே பொந்து இருப்பதை ஓசையே காட்டும். வேரடியில் முளைத்த காளான் அழுகலுக்குச் சாக்ஷி. பொந்து ஒன்றே மரணமன்று, பட்டைக்கு அடியிலுள்ள பாகமே ஜீவனுள்ளது. உங்கள் வாசல் வேம்பின் உச்சி காய்ந்தால், அரிவாளை எடுக்குமுன் அதன் அடியைச் சுற்றியுள்ள சிமெண்டைப் பெயர்த்துவிட்டு, ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள்.